கிரைம் எழுத்தாளரின் கையெழுத்துப் பிரதி தேடுவோருக்கு: வன்னியிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

முள்ளியவளையில் ஒரு அக்கா எனக்கு முன்னால் அவிழ்த்த உரப்பைக்குள் காணி உறுதி இருந்தது, பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள் இருந்தன, பிள்ளையின் ஊசி அட்டை இருந்தது. அவற்றுக்கு அடியில் சணல் நூலால் கட்டிய முப்பத்தொரு தாள். 2009இல் வீட்டை விட்டு ஓடும்போது அவர் கையில் தூக்கியது அந்த ஒரு பைதான். "அது ஐயான்ர ஏதோ காணிக் கடிதமாக்கும் தம்பி. நான் வாசிக்கேல்லை. எறிய மனமில்லாமக் கொண்டு திரிஞ்சனான்" என்றார். நூலை அவிழ்த்தேன். முதல் தாளின் மூலையில் "அத்தியாயம் 4" என்று நீல மையில் எழுதியிருந்தது. மூன்றாவது வரியிலேயே ஒரு பிணம் கிடந்தது.

பிரபல கிரைம் எழுத்தாளர்களின் கைப்பட்ட தாள்களையும் கையொப்பமிட்ட பிரதிகளையும் பல வருடமாகத் தேடுகிறேன். கிளிநொச்சியில் இருந்துகொண்டு இதைச் செய்வதென்றால் சென்னையில் இருப்பவருக்கு இல்லாத சில வில்லங்கங்கள் உண்டு, இல்லாத சில வாய்ப்புகளும் உண்டு. புதிதாகத் தொடங்குகிறவர் நான் விழுந்த கிடங்குகளில் விழாமல் போகட்டும் என்று எழுதுகிறேன்.

படி 1: எதைத் தேடுகிறீர்கள் என்று முதலில் பிரியுங்கள்

தமிழில் "கையெழுத்து" என்ற ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. "சுஜாதாவின்ர கையெழுத்துப் பிரதி இருக்கு" என்று ஒருவர் தொலைபேசியில் சொன்னால், அது அவர் கையால் எழுதிய மூலமாகவும் இருக்கலாம், கையொப்பம் போட்ட அச்சுப் புத்தகமாகவும் இருக்கலாம். இதைக் கேட்டுத் தெளியாமல் நான் ஒருமுறை வவுனியாவுக்குப் பஸ் ஏறிப் போய், கடையில் விற்கும் புத்தகம் ஒன்றைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

நான் வைத்திருக்கும் பிரிவு இது. அச்சகத்துக்குப் போன மூலத் தாள் முதலாவது. எழுத்தாளர் தன் கையால் திருத்திய புரூஃப், அதாவது அச்சுக்கு முந்திய சோதனைத் தாள், இரண்டாவது. வாசகருக்கு அவர் எழுதிய அஞ்சலட்டையும் கடிதமும் மூன்றாவது. பெயர் சொல்லி எழுதிக் கையொப்பமிட்ட அச்சுப் புத்தகம் நான்காவது. வெறும் கையொப்பம் மட்டும் இருப்பது கடைசி. மேலே போகப்போக அருமை கூடும், பொய்யும் கூடும். தொடங்குகிறவர் மூன்றாவதிலிருந்து தொடங்குவது நல்லது. ஏனென்று பின்னால் வரும்.

படி 2: மூலத் தாள்கள் ஏன் அழிந்தன என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஈய எழுத்துகளைக் கையால் கோத்து அச்சடித்த காலத்தில் மூலப் பிரதி என்பது ஒரு வேலைச் சாமான். அச்சகத்துக்கு வந்ததும் அதைத் துண்டு துண்டாகப் பிரித்து நாலு அச்சுக் கோப்பவர்களிடம் கொடுத்துவிடுவார்கள். யார் கோத்தது என்று மூலையில் பென்சிலால் பெயரெழுத்துப் போடுவார்கள். கோத்து முடிந்த தாளை ஒரு கம்பியில் குத்தி வைப்பார்கள். புத்தகம் வந்த பிறகு அந்தக் குவியலை யார் சீண்டுவார்? மாத நாவல் எழுதுகிறவருக்கு அடுத்த மாதக் கதை கழுத்தைப் பிடிக்கும். கோயம்புத்தூரில் இருக்கும் ராஜேஷ்குமாரின் நாவல்கள் 1500ஐத் தாண்டியவை. அவ்வளவு தாளையும் திருப்பி வாங்கி அடுக்க ஒரு வீடு தனியாக வேண்டும்.

ஆகவே அச்சகத்துக்குப் போன தாள் என்றால் அதன் உடம்பில் அடையாளம் இருக்கும். நடுவில் கம்பி குத்திய ஓட்டை, ஓரத்தில் பென்சில் எழுத்து, அச்சு மை பிடித்த கட்டைவிரல் ரேகை. அந்த மை எண்ணெய் கலந்தது. ஆண்டுகள் போகப்போகக் கறுப்பைச் சுற்றி மஞ்சள் வளையமாக எண்ணெய் ஊறி நிற்கும். தாளைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் அந்த வளையம் மட்டும் கண்ணாடி மாதிரித் தெரியும். புதிதாகப் பூசிய மையில் இந்த ஊறல் வராது.

படி 3: வன்னியில் எங்கே தேடுவது

1970களில் இந்திய சஞ்சிகைகளின் வரவை அரசாங்கம் கட்டுப்படுத்தியது. அந்த இடைவெளியில்தான் கொழும்பு வீரகேசரிப் பத்திரிகையின் நாவல் பிரசுரங்கள் பெருகின. பிறகு போர், பொருளாதாரத் தடை, பாதை அடைப்பு. தொண்ணூறுகளில் சவர்க்காரத்துக்கே வழியில்லாத இடத்துக்குக் கோயம்புத்தூர்க் கதை எப்படி வரும்? வந்த ஒரு பிரதி இருபது வீடு சுற்றியது. கடைசிப் பக்கம் கிழிந்து, கொலையாளி யாரென்று தெரியாமலே வாசித்து முடித்தவர்கள் எங்கள் தலைமுறையில் எத்தனை பேர்! 2002இல் யாழ்ப்பாணம் போகும் ஏ9 நெடும்பாதை திறந்தபோது வந்த புத்தகங்களை 2006இல் பாதை திரும்ப மூடியபோது பொத்திப் பொத்தி வைத்தார்கள்.

ஆகையால் இங்கே மூலத் தாள் கிடைப்பது அபூர்வம். கடிதமும் அன்பளிப்பு வரி எழுதிய புத்தகமும் கிடைக்கும். மூன்றாவதிலிருந்து தொடங்கச் சொன்னது இதனால்தான். மூன்று வகை வீடுகளில் கேளுங்கள். ஒன்று, தமிழகத்து முகாம்களில் இருந்துவிட்டுத் திரும்பி வந்த குடும்பங்கள். மண்டபம் முகாமில் இருந்தபோது எழுத்தாளருக்கு அஞ்சலட்டை போட்டுப் பதில் வாங்கியவர்கள் அவர்களுக்குள் உண்டு. இரண்டு, ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், தபாற்கந்தோரில் வேலை பார்த்தவர்கள். கடிதம் எழுதும் கை அந்தக் கை. மூன்று, யாழ்ப்பாணத்து அச்சகங்களில் வேலை செய்துவிட்டு வன்னிக்கு இடம்பெயர்ந்தவர்கள். மித்திரன் பத்திரிகையின் தொடர்கதைகளைக் கத்தரித்துத் தைத்து வைத்தவர்களையும் விடாதீர்கள். அந்தத் தையலுக்குள் வேறு தாளும் செருகிக் கிடக்கும்.

பழைய பேப்பர் எடுப்பவரோடு சிநேகம் பிடித்துவையுங்கள். "கையால எழுதின தாள் கண்டால் ஒருக்காக் காட்டுங்கோ அண்ணை" என்று சொல்லி வைத்தால் போதும். முறிகண்டியில் பஸ் நிற்கும்போது வாங்கும் கச்சான் சரையை இன்றைக்கும் பிரித்துப் பார்க்காமல் நான் எறிவதில்லை. இதுவரை கிடைத்தது கணக்குக் கொப்பிதான்.

வன்னியில் இதற்கென்று ஒரு கட்டுப்பாடும் வேண்டும். புத்தகத்தின் முதற்பக்கத்தில் ஒரு பெயர் எழுதியிருக்கும். அந்தப் பெயருக்குரியவர் எங்கே என்று கேட்கும்போது வீட்டுக்காரர் பதில் சொல்லாமல் உள்ளே போனால், அந்தப் புத்தகத்தை அங்கேயே வைத்துவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்புங்கள். காணாமற்போன பிள்ளையின் பெயர் எழுதிய புத்தகத்துக்கு விலை பேசக் கூடாது. அவர்களாகத் தந்தாலும் படம் எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பேன்.

படி 4: உண்மையா என்று பாருங்கள்

இந்தப் படியில்தான் காசு காப்பாற்றப்படுகிறது.

நான் ஏமாந்த கதையிலிருந்து தொடங்குகிறேன். ஒரு பிரபல துப்பறியும் எழுத்தாளர் எழுதியதென்று ஓர் அஞ்சலட்டையைக் கொழும்பில் ஒருவரிடம் வாங்கினேன். தேதி 1971. வாசகருக்கு நன்றி, அடுத்த கதையைப் பற்றி ஒரு வரி, கீழே கம்பீரமான கையொப்பம். இரண்டு மாதம் சட்டம் போட்டு மேசையில் வைத்திருந்தேன். ஒருநாள் தூசு துடைக்கும்போதுதான் விலாசப் பக்கத்தைச் சரியாகப் பார்த்தேன். விலாசத்துக்குக் கீழே ஆறு சின்னக் கட்டங்கள். இந்தியாவில் ஆறு இலக்கப் பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15ஆம் திகதி. 1971இல் எழுதிய அட்டையில் அந்தக் கட்டம் எப்படி வரும்? கையெழுத்தை அவ்வளவு அழகாகப் போட்டவன் அட்டையைக் கவனிக்கவில்லை. கவனிக்காத மற்றவன் நான்.

ஆகவே எழுத்தைப் பார்க்குமுன் தாளைப் பாருங்கள். இலங்கை முத்திரையில் ஆங்கிலத்தில் "சிலோன்" என்றிருந்தது 1972 மே மாதக் குடியரசோடு "ஸ்ரீ லங்கா" ஆனது. கடிதத் தலைப்பில் ஆங்கிலத்தில் "மெட்ராஸ்" என்றிருந்தது 1996க்குப் பிறகே "சென்னை" ஆனது. அரசுப் பெயர்மாற்றத்துக்கு முந்திய தேதியும் பிந்திய தலைப்பும் ஒரே தாளில் சந்தித்தால் ஒதுங்கிவிடுங்கள்.

எழுத்துருவும் பேசும். தமிழ்நாட்டரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது 1978இல். அதற்கு முன் லை, ளை, ணை, னை நான்கும் யானைத் தும்பிக்கை போன்ற சுழி வைத்து எழுதப்பட்டன. றா, ணா, னா மூன்றும் காலைச் சுழித்துக்கொண்டு நின்றன. ஆனால் ஒரு கவனம்: பழைய பள்ளிக்கூடத்தில் படித்தவர் கை கடைசிவரை தும்பிக்கையை விடாது. ஆகவே 1990இல் எழுதிய கடிதத்தில் பழைய லை இருப்பது குற்றமில்லை. 1965 என்று தேதியிட்டு அச்சடித்த கடிதத் தலைப்பில் புதிய லை இருந்தால் சந்தேகப்பட வேண்டும். "விடுதலை" முதலிய பெரியார் வழிப் பத்திரிகைகள் அதற்கு முன்பே சீர்திருத்த எழுத்தில் வந்தவை என்பதையும் மறக்கக் கூடாது.

அடுத்தது ஆள். தமிழ்வாணன் காலமானது 1977இல். சுஜாதா காலமானது 2008 பெப்ரவரியில். கையொப்பத்தைப் பார்த்துப் பரவசப்படுமுன் புத்தகத்தின் பதிப்பாண்டைப் பாருங்கள். 2011 பதிப்பில் சுஜாதா கையொப்பமிட்டிருந்தால் அது அவருடைய கதைநாயகர்கள் கணேஷும் வசந்தும் துப்பறிய வேண்டிய விசயம். சில பதிப்புகளில் எழுத்தாளரின் கையொப்பத்தை அச்சிலேயே போடுவார்கள், அதையும் உண்மை என்று விற்கிறவர் உண்டு. பத்து மடங்கு உருப்பெருக்கியை வைத்துப் பாருங்கள். அச்சென்றால் கோட்டின் கனம் எங்கும் ஒரே சீர், சிலவேளை புள்ளி புள்ளியாகவும் பிரியும். போல்பொயிண்ட் பேனையென்றால் நடுவில் ஒரு தடம் விழுந்திருக்கும், தாளின் பின்பக்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினாலே தெரியும். ஊற்றுப் பேனை மை நாரோடு நாராகப் பரவி, கோடு திரும்பும் இடத்தில் தேங்கிக் கறுத்திருக்கும்.

புனைபெயர் இன்னொரு பொறி. சுபா என்பது சுரேஷ், பாலகிருஷ்ணன் என்ற இருவர். இருவர் கதையை ஒரு கை எழுதியிருக்கும். எந்தக் கை என்று தெரியாமல் "சுபாவின் எழுத்து" என்று சொல்வதில் பொருளில்லை. புஷ்பா தங்கதுரையும் ஸ்ரீவேணுகோபாலனும் ஒரே ஆள். குற்றக் கதைக்கு ஒரு பெயர், சரித்திரக் கதைக்கு ஒரு பெயர். ராஜேஷ்குமாரின் இயற்பெயர் ராஜகோபால். சுஜாதா என்பது ரங்கராஜனின் மனைவி பெயர். ஆகவே ஒரு கடிதத்தின் அடியில் எதிர்பாராத பெயர் இருந்தால் அதற்காக மட்டும் தள்ளிவிடாதீர்கள்.

கடைசிச் சோதனை, எனக்குப் பிடித்தது. மூலமா, பார்த்து எழுதியதா? படைக்கிறவரின் தாளில் தயக்கம் இருக்கும். பாதி வரியில் பாத்திரத்தின் பெயர் மாறும், பழைய பக்கங்களில் வேறு மையில் திருத்தியிருப்பார். துப்பு ஒன்றை முன்னால் விதைக்க மறந்து, ஓரத்தில் அம்புக்குறி போட்டுச் செருகியிருப்பார். பார்த்து எழுதுகிறவரின் தாள் ஓடும். அவர் பிழை வேறுவகை. "கதவைத் திறந்தான்" என்று அடுத்தடுத்த இரண்டு வரி முடிந்தால், கண் ஒன்றிலிருந்து மற்றதுக்குத் தாவி நடுவில் உள்ளதை விழுங்கிவிடும்.

முள்ளியவளைத் தாள்களில் ஆறாவது பக்கத்தில் அப்படி ஒரு தாவல். போலீஸ் ஜீப் வந்து நிற்கிறது, உடனே பிணம் ஆஸ்பத்திரியில் கிடக்கிறது. இடையில் ஒரு வரி மேலே செருகித் திருத்தப்பட்டிருந்தது. பெயர் திருத்தம் ஒன்றுகூட இல்லை. அக்காவின் தகப்பனாரின் பழைய கையொப்பம் காணிப் பத்திரத்தில் இருந்தது. பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். "க"வின் வால் ஒரே சுழிப்பு. ஆரோ இரவல் கொடுத்த நாவலின் கடைசிப் பகுதியை, திருப்பிக் கொடுக்குமுன், அவர் விளக்கு வெளிச்சத்தில் இருந்து கொப்பி தாளில் எழுதி வைத்திருக்கிறார். எழுத்தாளரின் மூலம் இல்லையென்று சொன்னபோது அக்கா என்னைப் பார்த்தார். "அப்ப இது ஐயான்ர கையெழுத்தோ?" என்று கேட்டு, தாளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

படி 5: இருக்கிறவர்களிடம் நேரே கேளுங்கள்

காலமானவரின் தாளைத் தேடி அலைவதைவிட, எழுதிக்கொண்டிருப்பவரிடம் மரியாதையாகக் கேட்பது எளிது. ஜனவரியில் பதிப்பாளர், புத்தக விற்பனையாளர் சங்கமான பபாசி நடத்தும் சென்னைப் புத்தகக் காட்சிக்கு எழுத்தாளர்கள் வருவார்கள். பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் ஓடுகிறது. உறவினர் போனால் புத்தகத்தைக் கொடுத்து விடலாம். கடிதமாக எழுதினால் பதிப்பகத்தின் விலாசம் போட்டு எழுதுங்கள், வீட்டு விலாசம் தேடிப் பிடித்து எழுதுவது சரியில்லை. எங்கள் முத்திரை அங்கே செல்லாது. பதில் உறைக்கு இந்திய முத்திரை ஒட்ட அங்கே ஒருவரை ஒழுங்கு செய்யுங்கள்.

நான் எழுதுவது இவ்வளவுதான்: "மதிப்பிற்குரிய ஐயா, கிளிநொச்சியிலிருந்து எழுதுகிறேன். தங்கள் நாவல்களைப் பாதை மூடியிருந்த காலத்தில் இரவல் வாங்கிப் படித்தவன். கையால் எழுதிய பழைய தாள் ஒன்று, கழித்ததாயினும், தங்களிடம் எஞ்சியிருந்தால் அனுப்பி உதவ முடியுமா? எந்தக் கதைக்கு எழுதியது என்றும் இன்றைய தேதியையும் அதன் பின்புறம் குறித்துத் தந்தால் பெரும் உதவி." பதில் வராவிட்டால் திரும்பத் திரும்பக் கேட்கக் கூடாது. பலர் இப்போது கணினியில் எழுதுகிறார்கள், கைத்தாளே இல்லாமலிருக்கலாம்.

அன்பளிப்பு வரி கேட்கும்போது உங்கள் பெயரோடு ஊர்ப் பெயரையும் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். என்னிடம் உள்ள ஒன்றில் "கிள்ளிநொச்சி" என்று இருக்கிறது. அந்தப் பிழையைக் கள்ளமாகப் போட ஒருவனுக்குத் தோன்றாது.

படி 6: சட்டமும் காசும்

தாள் உங்களுடையது, அதில் உள்ள கதை உங்களுடையதல்ல. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமை எழுத்தாளரின் ஆயுளும் அதற்குப் பின் 70 ஆண்டும். இந்தியாவில் ஆயுளும் 60 ஆண்டும். வெளிவராத அத்தியாயம் ஒன்று கிடைத்தாலும் குடும்பத்தைக் கேளாமல் அச்சிடவோ இணையத்தில் போடவோ முடியாது. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் காலத்துத் தாள்களில் இன்னொரு வில்லங்கம்: இலக்கிய மதிப்புள்ள, 75 ஆண்டு தாண்டிய கையெழுத்துப் பிரதி இந்தியாவின் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். பெட்டிக்குள் போட்டுக்கொண்டு விமானம் ஏறக் கூடாது.

விலைக்கு இங்கே சந்தை இல்லை. சொல்கிறவர் சொல்வதுதான். நான் ஒரு வாரம் அவகாசம் கேட்பேன். "இண்டைக்கு எடுக்காட்டி வேற ஆள் வருகுது" என்று அவசரப்படுத்தினால் அந்த ஆளே எடுக்கட்டும் என்று விட்டுவிடுவேன்.

படி 7: வன்னி வெயிலிலும் மாரியிலும் காப்பது

முதல் எதிரி கறையான். ரங்குப் பெட்டியைச் சீமெந்து நிலத்தில் வைக்காதீர்கள், சுவரோடும் ஒட்டாதீர்கள். நாலு கல் வைத்து உயர்த்தி, அடியில் குனிந்து பார்க்க இடம் விடுங்கள். கிழமைக்கு ஒருதரம் டோர்ச் அடித்து மண் கோடு ஏறுகிறதா என்று பாருங்கள். காய்ந்த வேப்பிலை போடுவது அம்மம்மா பழக்கம், கறையான் அதைச் சட்டை செய்யாது.

வந்த தாளை உடனே மற்றவற்றோடு சேர்க்காதீர்கள். பூச்சி இருந்தால் இரண்டு உறைக்குள் காற்றுப் போகாமல் கட்டி, ஆழ்குளிர்ப் பெட்டியில் இரண்டு கிழமை வையுங்கள். எடுத்ததும் பிரிக்காமல் ஒருநாள் அப்படியே விட வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே வியர்த்துவிடும். எங்கள் வீட்டில் பெட்டி இல்லாததால் முல்லைத்தீவில் மீன் வாடி வைத்திருக்கும் மச்சானிடம் கொடுத்தேன். பூச்சி செத்தது. ஒரு சுஜாதா கடிதத்தில் இன்றைக்கும் லேசாக அறக்குளா மீன் மணக்கிறது.

குத்தூசி, கிளிப், இறப்பர் பட்டி எல்லாவற்றையும் கழற்றுங்கள். துரு தாளைத் தின்னும். செலோடேப் ஒட்டாதீர்கள், லமினேட் செய்யவே செய்யாதீர்கள். தெளிவான பொலியெஸ்டர் உறை நல்லது, மணக்கும் மெல்லிய பிளாஸ்டிக் உறை மையை உறிஞ்சும். மாத நாவலின் தாள் அமிலம் உள்ளது, தொட்டால் உதிரும். அதைக் கைத்தாளோடு ஒட்ட வைத்தால் மஞ்சள் மற்றதுக்கும் ஏறும்.

ஐப்பசியிலிருந்து மாரி. ஈரப்பதம் 65 வீதத்தைத் தாண்டினால் பூஞ்சணம் கிளம்பும். சின்ன ஈரப்பதமானி ஒன்று பெட்டிக்குள் கிடக்கட்டும், சிலிக்கா ஜெல் பொதிகளை நிறம் மாறியதும் சூடாக்கித் திரும்பப் போடுங்கள். உப்புப் போத்தலுக்கு அரிசி போடுவதுபோல் இங்கே அரிசி போட்டால் வண்டு வரும். வெள்ளத்தில் நனைந்துவிட்டால் வெயிலில் காயப்போடாதீர்கள். நிழலில், பழைய வெள்ளைத் துணிக்கு மேல், விசிறிக் காற்று நேரே படாமல் விரியுங்கள். ஊற்றுப் பேனை எழுத்து என்றால் துணியால் ஒற்றவும் கூடாது, கரைந்து வந்துவிடும். போல்பொயிண்ட் தாங்கும்.

இன்னொருமுறை ஓட வேண்டி வந்தால் என்ன செய்வது என்ற யோசனை இங்கே ஒருவருக்கும் முழுதாகப் போவதில்லை. என்னுடைய முக்கியமான பன்னிரண்டு தாள் ஒரு தனிப் பையில், காணி உறுதியோடு இருக்கிறது.

படி 8: பதிவுக் கொப்பி

ஒவ்வொரு தாளுக்கும் ஒரு இலக்கம். 2பி பென்சிலால், பின்பக்க மூலையில், அழுத்தாமல். கொப்பியில் அந்த இலக்கத்துக்கு எதிரே அளவு, மை, பக்கம், அன்பளிப்பு வரியின் முழு வாசகம், யாரிடமிருந்து எப்போது வந்தது, அவருக்கு அது எப்படிக் கிடைத்தது. கடைசி இரண்டும்தான் அதிக நேரம் எடுக்கும். தருகிறவரைக் கதைக்க விட்டு, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். ஸ்கேன் 300 டிபிஐக்குக் குறையக் கூடாது, பின்பக்கமும் வெறுமையாக இருந்தாலும் எடுக்க வேண்டும். ஈழத்துத் தாள் என்றால், உரிமையாளர் சம்மதத்தோடு, "நூலகம்" என்ற இணைய எண்ணிம நூலகத்துக்கும் ஒரு பிரதி கொடுக்கலாம்.

என் கொப்பியில் 58ஆம் இலக்கத்துக்கு எதிரே இப்படி இருக்கிறது: "31 தாள், ஒருபக்கம், நீல மை. நாவலின் பெயர் தெரியவில்லை, அத்தியாயம் 4 முதல் முடிவு வரை. பார்த்து எழுதியது. ஸ்கேன் மட்டும். தாள் முள்ளியவளையில், சாமித்தட்டுக்குக் கீழே லாச்சியில்." அக்கா இப்போது அதை வாசிக்கத் தொடங்கியிருக்கிறார். முதல் மூன்று அத்தியாயம் எங்கே எடுக்கலாம் என்று போன கிழமை கேட்டார். தேடிக்கொண்டிருக்கிறேன்.